மார்பக அறுவை சிகிச்சைக்குப் பின் வகுப்பறைக்குத் திரும்புவது: மனத்தை எப்படித் தேற்றிக்கொண்டீர்கள்?

கேள்வி: கணித ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 19 ஆண்டுகளாகக் கணக்குப் பாடம் நடத்தி வருகிறேன். சென்ற ஆகஸ்டில் புற்றுநோய்க்காக என் வலது மார்பகத்தையும் அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் அகற்றினார்கள். அதன்பின் 6 சுற்று கீமோவும் 15 நாள் கதிர்வீச்சும் முடிந்து, இப்போது நோய் திரும்ப வராமல் தடுக்க நாள்தோறும் டாமோக்சிஃபென் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன். உடல் தகுதிச் சான்றும் வாங்கிவிட்டேன். ஜூனில் பள்ளி திறக்கும் அன்று பணியில் சேர வேண்டும்.

அந்த நாளை நினைத்தாலே நெஞ்சை அடைக்கிறது. முந்தானை இடது தோளில் இருப்பதால், பலகையின் மேல் வரியில் எழுத வலக்கையைத் தூக்கினால் அந்தப் பக்கம் தட்டையாக இருப்பது முதல் வரிசைப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். கையும் காதைத் தாண்டி உயர மறுக்கிறது. மாமியாரோ, “வெளியில் தெரிந்தால் நாளைக்குப் பேத்தியின் கல்யாணத்துக்குத் தடையாக வரும், கர்ப்பப்பை அறுவை என்று சொல்லிவிடு” என்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்; ஆனாலும் ஆசிரியர் அறையில் தினமும் அந்தப் பொய்யோடு உட்கார என்னால் முடியுமா என்று தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிகிச்சை நடந்த மாதங்களில் நான் அழவே இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விட்ட பிறகுதான் அழுகை வருகிறது. “இன்னும் என்ன?” என்று கணவர் கேட்கும்போது பதில் சொல்லத் தெரியவில்லை. இதைக் கடந்து வேலைக்குப் போன சகோதரிகள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

பதில் 1: வங்கி ஊழியர், மதுரை

சகோதரி, எனக்கு அறுவை நடந்து 6 ஆண்டுகள் ஆகின்றன. சிகிச்சை நடக்கும்போது அடுத்த ஊசி என்றைக்கு, அடுத்த இரத்தப் பரிசோதனை என்றைக்கு என்பதிலேயே மனம் ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டம் நின்ற பிறகுதான் நமக்கு என்ன நடந்தது என்பதே உறைக்கும். நானும் அப்படித்தான் அழுதேன், அதுவும் பணிக்குத் திரும்பிய இரண்டாவது வாரத்தில், பணம் எண்ணும் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு.

நீங்கள் சொல்லும் அதே பொய்யை நானும் ஓராண்டு சொன்னேன். அதனால் வந்த வேதனையைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். பக்கத்து இருக்கைத் தோழி ஒருநாள் குரலைத் தாழ்த்தி, தமக்கு மார்பில் கட்டி தட்டுப்படுகிறது, யாரிடம் காட்டுவது என்று கேட்டார். எல்லாம் அறிந்த நான், எதுவும் அறியாதவளைப் போல நின்றேன். அன்று இரவு தூங்கவில்லை. மறுநாள் காலை அவரிடம் உண்மையைச் சொல்லி, நானே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அது சாதாரணக் கட்டி என்று தெரிந்தது. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தலைமையாசிரியரிடமும் நம்பிக்கையான ஒரு தோழியிடமும் சொன்னால் போதும். மற்றவர்கள் கேட்டால், “பெரிய சிகிச்சை நடந்தது, இப்போது நன்றாக இருக்கிறேன்” என்று முடித்துக்கொள்ளலாம், அதில் பொய் எதுவும் இல்லை. மகளைப் பற்றிய கவலைக்கும் ஒரு சொல்: 100 நோயாளிகளில் ஏறத்தாழ 5 முதல் 10 பேருக்குத்தான் பரம்பரையாக வரும் மரபணு மாற்றம் காரணமாகிறது. உங்கள் மருத்துவரிடம் இதைக் கேட்டுத் தெளிவுபெற்று, மாமியாருக்கும் பொறுமையாகச் சொல்லுங்கள்.

புடவைக்கு நான் செய்தது இது. வெறும் பஞ்சு வைத்தால் எடையில்லாமல் மேலே ஏறிக்கொள்ளும். மெல்லிய பருத்தித் துணியில் சின்னப் பை தைத்து, அதில் கடுகு நிரப்பி, பஞ்சுக்கு நடுவே வைத்தேன். கையைத் தூக்கினாலும் நகரவில்லை. துவைக்கும்போது கடுகுப் பையை எடுத்துவிட வேண்டும். தழும்பு நன்றாக ஆறிய பிறகு, உள்ளாடைக்குள் வைக்கும் சிலிகோன் செயற்கை மார்பகம் வாங்கினேன்.

பதில் 2: இயன்முறை மருத்துவர்

அம்மா, கை உயராததற்குத் தோள் இறுகியிருப்பது காரணமாக இருக்கலாம். கதிர்வீச்சாலும் தசை இறுகும். அக்குளிலிருந்து முழங்கை நோக்கிக் கயிறு போல ஏதாவது இழுத்தால் அதையும் நேரில் காட்டுங்கள், பயிற்சியால் தளரும். சுவரை நோக்கி நின்று, விரல்களால் எறும்பு ஊர்வது போல மெல்ல மேலே ஏறி, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். அந்தக் கோடு உயர்வதைப் பார்ப்பதே பெரிய தெம்பு. மேற்கையின் உட்புறம் மரத்திருந்தால், அது அறுவையில் நரம்பு அறுபட்டதால் வருவது, பயப்பட வேண்டாம்.

கணுக்களை எடுத்த கையில் நிணநீர் தேங்கி வீங்கும் வாய்ப்பு ஆண்டுகள் கழித்தும் உண்டு. எந்தக் கருவியும் இல்லாமல் அதை முதலில் காட்டிக்கொடுப்பவை உங்கள் வளையலும் ரவிக்கைக் கையும்தான். நேற்று வரை சரியாக இருந்தவை இன்று இறுகினால் உடனே வாருங்கள். கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்காகக் கையை முடக்கிவிடாதீர்கள்; படிப்படியாகக் கூட்டும் எடைப் பயிற்சி வீக்கத்தை மோசமாக்குவதில்லை என்று 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது. முதல் சில வாரங்கள் பலகையின் நடுப்பகுதியில், மார்பு உயரத்தில் எழுதுங்கள். விடைத்தாள் கட்டை இடக்கையில் தூக்குங்கள்.

பதில் 3: புற்றுநோய்ப் பிரிவு ஆற்றுப்படுத்துநர்

உங்கள் கணவர் கேட்பது அலட்சியத்தால் அல்ல, அச்சத்தால் என்றே எனக்குப் படுகிறது. “நோய் போய்விட்டது, ஆனால் என் உடம்பு எனக்கே புதிதாக இருக்கிறது” என்று இதே சொற்களில் அவரிடம் சொல்லிப் பாருங்கள். அழுகையும் தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாமையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவர் மாத்திரை எழுதினால், டாமோக்சிஃபென் சாப்பிடுவதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கான சில மருந்துகள் அதன் பலனைக் குறைக்கக்கூடும்.

பதில் 4: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை

கால அட்டவணை போடும் முன்பே போய்க் கேளுங்கள். தரைத்தள வகுப்பு, தொடர்ந்து இரண்டு பாடவேளைக்கு மேல் இல்லாமை, மதியத்துக்குப் பின் ஓர் ஓய்வு வேளை. இவை சலுகை அல்ல. களைப்பு இன்னும் பல மாதம் இருக்கும்.

கேள்வி கேட்டவர்

உங்கள் எல்லோருக்கும் நன்றி. நேற்று சுவரில் முதல் கோடு போட்டேன். என் புருவத்துக்குச் சற்று மேலே நிற்கிறது. கணவர்தான் பென்சிலைப் பிடித்துக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை. திங்கட்கிழமை தலைமையாசிரியரைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். மதுரைச் சகோதரிக்கு ஒரு கேள்வி: ஜூன் வெயிலில் கடுகுப் பை வியர்வையில் ஊறிவிடாதா, உள்ளே இரட்டைத் துணி வைத்துத் தைக்க வேண்டுமா?