சாடோவுக்குச் சோறு போடுவது தங்கமா, நெல்லா?

திணைமாறன்:
போன அக்டோபரில் ஜப்பானின் சாடோ தீவில் மூன்று நாள் தங்கிவிட்டு வந்தேன். தீவு முழுக்க ஒரே நகராட்சி. 2004இல் பத்து உள்ளாட்சிகளைச் சேர்த்து சாடோ நகரம் ஆக்கினார்கள். 1950 வாக்கில் ஒன்றேகால் லட்சம் பேர் இருந்த இடத்தில், 2020 கணக்கெடுப்பின்படி 51 ஆயிரம் பேர்தான். அந்த ஊர் பிழைக்க வேண்டுமானால் தங்கச் சுரங்கத்தைத்தான் முன்னால் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

1601இல் கண்டுபிடித்த தங்கம் அது. 1989இல் மூடும்வரை 78 டன் தங்கமும் 2,330 டன் வெள்ளியும் எடுத்திருக்கிறார்கள். சுரங்கம் இருக்கும் ஐக்கவா ஊர்ப் பக்கம் போகும்போது தூரத்திலேயே அந்த மலை தெரியும். உச்சியில் கோடரி இறங்கியதுபோல ஒரு பிளவு. 30 மீட்டர் அகலம், 74 மீட்டர் ஆழம். தங்க ரேகையைத் துரத்திக்கொண்டே உளியும் சுத்தியலுமாக மேலிருந்து தோண்டித் தோண்டி மலையையே இரண்டாக்கிவிட்டார்கள். அதன் கீழே நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை. 2024 ஜூலையில் நம் புது தில்லியில் நடந்த யுனெஸ்கோ கூட்டத்தில்தான் இதற்கு உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. 1990களின் தொடக்கத்தில் ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் பேர் வந்த தீவு இது. அந்தப் பயணிகளைத் திரும்பக் கொண்டுவர இதைவிட்டால் வேறு எது இருக்கிறது?

வயலோரம்:
நெல் இருக்கிறது, திணைமாறன். சுரங்கம் செத்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. வயல் இன்னும் உயிரோடு இருக்கிறது.

தோக்கி என்ற பறவையைப் பார்த்தீர்களா? நம் அரிவாள் மூக்கனுக்கு உறவு. வெள்ளை உடம்பு, சிவந்த முகம்; பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கம் இளஞ்சிவப்பாகத் தெரியும். அறிவியல் பெயரே நிப்போனியா நிப்போன். காட்டில் மிஞ்சிய கடைசி ஐந்தையும் 1981இல் சாடோவில் பிடித்துக் கூண்டில் வைத்தார்கள், பலன் இல்லை. ஜப்பானின் பழைய வம்சத்தில் கடைசியான கின் என்ற பறவை 2003இல் இறந்தது. அதற்கு முன்பே, 1999இல், சீனா கொடுத்த ஒரு ஜோடியிலிருந்து குஞ்சு பொரிக்கத் தொடங்கியிருந்தார்கள். 2008 செப்டம்பரில் பத்துப் பறவைகளைத் திறந்துவிட்டார்கள். இன்று ஐந்நூறுக்கு மேல் வெளியில் திரிகின்றன.

கூண்டைத் திறந்ததால் மட்டும் அது நடக்கவில்லை. அந்தப் பறவைக்கு வயலில் அயிரை மாதிரி மீனும் தவளையும் வேண்டும். அதற்காக விவசாயிகள் பூச்சிமருந்தையும் ரசாயன உரத்தையும் பாதிக்குப் பாதி குறைத்தார்கள். வரப்போரமாக ஒரு பள்ளம் வெட்டி, நடுக்கோடையில் வயலைக் காயப்போடும்போதும் அதில் தண்ணீர் நிற்க விட்டார்கள். மீன்கள் அங்கே ஒதுங்கிப் பிழைத்துக்கொள்ளும். குளிர்காலத்திலும் சிலர் வயலில் நீர் கட்டுகிறார்கள். அந்த அரிசி தோக்கியின் பெயரோடு விற்பனைக்கு வருகிறது. 2011இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு தன் வேளாண் பாரம்பரியப் பட்டியலில் ஜப்பானிலிருந்து முதன்முதலாகச் சேர்த்த இரண்டு இடங்களில் சாடோ ஒன்று. உயிரோடு இருக்கும் பாரம்பரியம் என்றால் எனக்கு இதுதான்.

நீகாட்டாவாசி:
தீவுக்கு அக்கரையில், நீகாட்டா நகரில் குடியிருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். வயலோரம் சொல்வது நியாயம்தான், ஆனால் அரிசி படகு ஓட்டாது. நீகாட்டாவிலிருந்து தீவின் ரியோட்சு துறைமுகத்துக்குக் கார் ஏற்றும் கப்பலில் இரண்டரை மணி நேரம். ஜெட்ஃபாயில் என்ற விரைவுப் படகில் ஒரு மணிக்குக் கொஞ்சம் மேல். விமான ஓடுபாதை 890 மீட்டர்தான், பெரிய விமானம் எதுவும் இறங்க முடியாது. குளிர்காலத்தில் கடல் கொந்தளித்தால் விரைவுப் படகு நின்றுபோகும்.

தீவுக்காரர்களுக்குக் கப்பல்தான் சாலை. கோடையில் பயணிகள் கொடுக்கும் டிக்கெட் காசில்தான் ஜனவரியிலும் அது ஓடுகிறது. பயணிகள் குறைந்தால் முதலில் குறைவது கப்பல் நடைகள். பெரிய ஆஸ்பத்திரிக்கு இக்கரை வரும் முதியவர்தான் அப்புறம் அவதிப்படுவார். சுற்றுலாவை இரண்டாம்பட்சமாகப் பேசாதீர்கள்.

வயலோரம்:
சரி, படகு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தக் கதையைச் சொல்லி ஆளைக் கூப்பிடுகிறோம் என்பது முக்கியம் இல்லையா? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சுமார் 1,500 கொரியர்களை இந்தச் சுரங்கத்தில் வேலை வாங்கினார்கள். பாரம்பரிய விண்ணப்பமோ 1868இல் முடிந்த எடோ காலத்தோடு கோடு போட்டு நிறுத்திக்கொண்டது. முழு வரலாற்றையும் சொல்லுங்கள் என்று யுனெஸ்கோ பக்கம் கேட்ட பிறகுதான் கொரியர்களைப் பற்றிய காட்சிக்கூடம் வந்தது. அதுவும் சுரங்கத்தில் இல்லை, இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஓர் அருங்காட்சியகத்தில். 2024 நவம்பர் 24 அன்று சுரங்கத் தொழிலாளர்களுக்காக நடந்த நினைவேந்தலுக்குத் தென் கொரியா வரவில்லை. மறுநாள், கொரியத் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி இருந்த இடத்தில் தனியாக அஞ்சலி செலுத்தியது. இந்தக் காயம் ஆறாமல் சுரங்கத்தைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

திணைமாறன்:
அந்த அருங்காட்சியகத்துக்கும் போனேன். ஆபத்தான உள்வேலைகளில் கொரியர்களே அதிக விகிதத்தில் போடப்பட்டார்கள் என்று அங்கே எழுதியிருக்கிறது. 'கட்டாயம்' என்ற சொல் இல்லை என்பதுதான் கொரியர்களின் குறை. அந்தக் குறை நியாயமானது. அந்தப் பலகை சுரங்க வாசலிலேயே இருக்க வேண்டும் என்பதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் அதற்காகச் சுரங்கத்தைப் பின்னுக்குத் தள்ளினால் அந்த ஆட்களும் சேர்ந்து மறந்துபோவார்கள். உள்ளே வருடம் முழுக்கப் பத்து டிகிரி குளிர். எடோ காலத்தில், எடோ நகரிலிருந்து, அதாவது இன்றைய டோக்கியோவிலிருந்து, பிடித்துவரப்பட்ட வீடற்றவர்கள் இருட்டில் ஊற்று நீரை இறைத்தார்கள். நேரில் போய் நின்றால்தான் அது உறைக்கும்.

கூத்துமேடை:
இருவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். தங்கம் தேடி ஆயிரக்கணக்கில் ஆள் வந்ததால்தான் சோற்றுக்குத் தட்டுப்பாடு வந்தது. அந்தச் சோற்றுக்காகத்தான் கரையோர மேட்டிலும் மலைச்சரிவிலும் அடுக்கடுக்காக வயல் வெட்டினார்கள். வயலோரம் போற்றும் வயலில் பலவும் சுரங்கம் பெற்ற பிள்ளைகள்.

முகமூடி கட்டி ஆடும் பழைய ஜப்பானிய நாடகமான நோவும் அப்படித்தான். நோ கலையின் ஆசான் சேயாமி 1434இல் இங்கே நாடு கடத்தப்பட்டார் என்பது உண்மை. ஆனால் ஊருக்குள் அது வேர்விட்டது, சுரங்கத்தை ஆள வந்த ஓகுபோ நாகயாசு தன்னோடு நடிகர்களைக் கூட்டிவந்த பிறகு. ஒரு காலத்தில் இருநூறுக்கு மேல் மேடைகள் இருந்தன, இன்றும் முப்பதுக்கு மேல் நிற்கின்றன. கோயில் வளாகத்தில் கூரை வேய்ந்த மரமேடை, ஜூன் மாத இரவில் தீப்பந்த வெளிச்சம். பகலில் வயலில் நின்றவரே இரவில் முகமூடி கட்டி ஆடுவார். எனக்கு சாடோ என்றால் அந்த மேடைதான் முதலில்.

வயலோரம்:
ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அந்த அடுக்கு வயலில் இன்று யார் நிற்கிறார்கள்? தென்கிழக்குக் கரையில் இவாகுபி பக்கம் சரிவில் புல் வெட்டப் பெரிய இயந்திரம் ஏறாது, தோளில் மாட்டிய புல்வெட்டியோடு ஆள்தான் ஏற வேண்டும். ஏறுபவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். சுரங்கத்துக்கு வரும் பயணி அரை நாளில் பார்த்துவிட்டு மாலைக் கப்பலில் திரும்பினால் அவர்களுக்கு என்ன மிஞ்சும்?

திணைமாறன்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் மூன்று இரவும் ரியோட்சுவிலேயே தங்கிவிட்டேன், அந்தத் தென்கிழக்குக் கரைக்குப் போகவே இல்லை. மே மாதம் நாற்று நடும் சமயத்தில் மறுபடி போகிறேன், இந்த முறை அந்தப் பக்கம் இரண்டு இரவாவது. ஆனால் துறைமுகத்துப் பலகையில் முதல் எழுத்து தங்கத்துக்குத்தான், அதில் மாற்றமில்லை.