மூன்று வயது நெருங்குகிறது, பேச்சு வரவில்லை: நியூஜெர்சியில் ஸ்பீச் தெரபிக்கு எங்கே தொடங்குவது?

கேள்வி (எடிசன்)

எல்லோருக்கும் வணக்கம். எச்1பி-யில் சென்னையிலிருந்து வந்து இன்னும் பெட்டியே முழுசாகப் பிரிக்கவில்லை. பையனுக்கு 2 வயது 8 மாதம். நாம் சொல்வது எல்லாம் புரிகிறது. "அப்பா ஷூவை எடுத்துட்டு வா" என்றால் எடுத்து வருகிறான். ஆனால் வாயைத் திறந்தால் பத்து வார்த்தைகூடத் தேறாது. காலையில் "தண்ணி" என்று தெளிவாகச் சொன்னவன் மத்தியானம் அதையே "அன்னி" என்கிறான், ராத்திரி "தாதி" என்கிறான். குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு, அப்ராக்ஸியாவாக (வாயசைவை மூளை திட்டமிடுவதில் வரும் பேச்சுச் சிக்கல்) இருக்கலாம், ஸ்பீச் தெரபிக்கு ஏற்பாடு செய்யுங்கள் என்றார். இன்சூரன்ஸில் கேட்பதா, ஸ்கூலில் கேட்பதா? வீட்டில் தமிழை விட்டுவிட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்கிறார்கள் தெரிந்தவர்கள். ஊரிலிருந்து அப்பா, "குமரகுருபரரே அஞ்சு வயசு வரைக்கும் பேசலையே, சும்மா இரு" என்கிறார். விவரம் தெரிந்த அண்ணா, அக்கா யாராவது சொல்லுங்கள்.

பதில்

வணக்கம் தம்பி. என் மகளுக்கும் இதே கதைதான். இப்போது அவள் வாயை மூடவைப்பதுதான் எங்கள் வேலை. நாங்களும் மிடில்செக்ஸ் கவுன்ட்டிதான், அதனால் நியூஜெர்சிக் கணக்கையே சொல்கிறேன். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் நாள் கணக்கை மட்டும் அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

உங்களுக்கு இப்போது அவசரம் மூன்றாவது பிறந்தநாள். குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான ஐடிஇஏ என்ற மத்தியச் சட்டத்தில் பிறந்ததிலிருந்து 3 வயது வரை ஒரு பிரிவு, 3 முதல் 21 வரை இன்னொரு பிரிவு. முதலாவதை எர்லி இன்டர்வென்ஷன் என்பார்கள். இங்கே மாநில சுகாதாரத் துறை நடத்துகிறது, ஆட்கள் வீட்டுக்கே வருவார்கள். இரண்டாவது உங்கள் ஊர் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் பொறுப்பு. நாலு மாதம்தானே, நேராக ஸ்கூலுக்கே போய்விடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள், இரண்டுக்கும் ஒரே நாளில் விண்ணப்பம் போகட்டும்.

எர்லி இன்டர்வென்ஷனில் நீங்களே போன் செய்து சேர்க்கலாம், டாக்டர் கடிதம் கட்டாயமில்லை. சொன்ன நாளிலிருந்து 45 நாளுக்குள் பரிசோதித்து, தகுதி இருந்தால் திட்டம் போட்டாக வேண்டும். மூன்றாம் பிறந்தநாளுக்கு 45 நாளுக்கும் குறைவாக இருக்கும்போது போனால் பரிசோதிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை, ஸ்கூல் பக்கம் திருப்பிவிடுவார்கள். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பரிசோதனை இலவசம். தெரபிக்கு வருமானத்தைப் பொறுத்து ஒரு பங்கு கட்ட வேண்டி வரலாம். கிடைப்பது இரண்டு மாதத் தெரபிதான் என்றாலும், அவர்கள் எழுதித் தரும் ரிப்போர்ட் ஸ்கூலில் கை கொடுக்கும்.

ஸ்கூல் பக்கத்தில் எழுத்து முக்கியம். ஆபீஸில் நின்று வாயால் கேட்டால் அது கணக்கில் சேராது. எழுதிக் கேட்ட பிறகு 20 நாளுக்குள் முதல் கூட்டம். அதில் பரிசோதனைக்குச் சம்மதம் கையெழுத்துப் போட்ட பிறகு, பரிசோதனை, தகுதி, பிள்ளைக்கென்றே எழுதும் ஐஇபி என்கிற கல்வித் திட்டம், தெரபி தொடக்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 90 நாள். கூட்டிப் பாருங்கள், 110. உங்களிடம் இருப்பதே சுமார் 120 நாள். நான் ஏன் இன்றைக்கே என்கிறேன் என்று இப்போது புரியும்.

"அப்ராக்ஸியா என்று உறுதியாக எழுதி வரட்டும்" என்று காத்திருக்க வேண்டாம். இந்த வயதில் பல தெரபிஸ்ட்கள் 'சந்தேகம்' என்றுதான் எழுதுவார்கள். உறுதி செய்ய வேண்டுமென்றால் குழந்தை ஓரளவாவது பேசிக் காட்ட வேண்டும், அதுதானே இங்கே பிரச்சினை. ஒரே சொல்லைத் திரும்பச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு தப்பு, ஓர் ஒலியிலிருந்து அடுத்ததற்குப் போக நாக்கு திணறுவது, ஏற்ற இறக்கமும் அழுத்தமும் இடம் மாறுவது: இந்த மூன்றையும்தான் பார்ப்பார்கள். தசையில் பலவீனம் கிடையாது. என்ன சொல்ல வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரியும். உதடும் நாக்கும் தாடையும் எந்த வரிசையில் அசைய வேண்டும் என்று மூளை போடும் திட்டத்தில்தான் சிக்கல். நீங்கள் சொன்ன தண்ணி, அன்னி, தாதி எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வையுங்கள், போனில் வீடியோவும் எடுங்கள். அறிமுகமில்லாத ஆள் முன்னால் பிள்ளை வாயே திறக்காது. அப்புறம், செவிப் பரிசோதனையை முதலில் முடித்துவிடுங்கள். எங்கே போனாலும் அதைத்தான் கேட்பார்கள்.

இன்சூரன்ஸ். எச்ஆரிடம் ஒரே கேள்வி: நம் பிளான் கம்பெனியே பணம் போடும் செல்ஃப் ஃபண்டட் வகையா, இல்லையா? வளர்ச்சிக் குறைபாட்டுக்கான ஸ்பீச் தெரபிக்குப் பணம் தர வேண்டும் என்று நியூஜெர்சியில் 2009-இல் வந்த சட்டம் இருக்கிறது, ஆனால் செல்ஃப் ஃபண்டட் பிளானை அது கட்டுப்படுத்தாது. அடுத்து கார்டின் பின்னால் இருக்கும் நம்பருக்குப் போன் போட்டு, 92507 என்ற தெரபி கோடுக்கு வருஷத்துக்கு எத்தனை விசிட், முன் அனுமதி வேண்டுமா, ஆர்48.2 என்ற அப்ராக்ஸியா கோடு செல்லுமா என்று கேளுங்கள். பேசியவர் பெயர், கால் ரெஃபரன்ஸ் நம்பர், தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 'வளர்ச்சித் தாமதம்' என்று மட்டும் எழுதி அனுப்பினால் சில பிளான்கள் தட்டிக்கழிக்கும். டாக்டருக்கு எது சரியென்று படுகிறதோ அந்தக் கோடை அவர் எழுதட்டும், ஆனால் எழுதுவதற்கு முன்னால் இதை அவரிடம் சொல்லிவையுங்கள். "ஸ்கூலில்தான் தருகிறார்களே" என்று மறுத்தால் 180 நாளுக்குள் அப்பீல். அதிலும் மறுத்தால் 4 மாதத்துக்குள் வெளி ஆள் பரிசீலனை கேட்கலாம். ஸ்கூல் தருவது படிப்புக்குத் தேவையான அளவு, இன்சூரன்ஸ் தருவது மருத்துவத் தேவைக்கு. ஒன்று கிடைக்கிறது என்பதற்காக இன்னொன்றை விட வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். யாரிடம், எப்படி?

இங்கே தெரபிஸ்ட் பெயருக்குப் பின்னால் சிசிசி-எஸ்எல்பி என்று இருக்கும். அது ஸ்பீச் தெரபிஸ்டுக்கான தகுதிச் சான்று, அப்ராக்ஸியா அனுபவம் வேறு. முதல் போனிலேயே கேளுங்கள்: அப்ராக்ஸியாவுக்கு எந்த முறை? டிடிடிசி, ப்ராம்ப்ட், கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு ரெஸ்ட் என்று ஏதாவது ஒரு பெயர் வந்தால் மேலே பேசலாம். ஊதல், குமிழி, உறிஞ்சு குழாய் என்று வாய்ப் பயிற்சியாகவே அடுக்கினால் நகர்ந்துவிடுங்கள். ஊதத் தெரிந்தால் பேச்சு வரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அப்ராக்ஸியா கிட்ஸ் என்ற பெற்றோர் அமைப்பின் தளத்தில் ஊர் வாரியாகத் தெரபிஸ்ட் பட்டியல் இருக்கிறது, அதில் தேடுங்கள். கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால் கீன், மான்ட்க்ளேர் ஸ்டேட் போன்ற பல்கலைக்கழகக் கிளினிக்குகளை விசாரியுங்கள். பேராசிரியர் மேற்பார்வையில் முதுகலை மாணவர்கள் பார்ப்பார்கள்.

டிடிடிசி எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். நேருக்கு நேர் உட்கார்ந்து, பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி, "வா" என்று மெதுவாக இழுத்து இருவரும் சேர்ந்தே சொல்வது. உதடு சரியாக அசையாவிட்டால் தெரபிஸ்ட் விரலால் லேசாகத் தொட்டுக் காட்டுவார். நன்றாக வந்ததும் நாம் குரலை விட்டுவிட்டு உதட்டை மட்டும் அசைப்போம், பிறகு நாம் சொல்லி முடித்ததும் அவன் சொல்வான், பிறகு இரண்டு நொடி காத்திருந்து சொல்வான். தடுமாறினால் மறுபடி சேர்ந்து சொல்லுதல். ஒரு சிட்டிங்கில் நாலைந்து சொல்தான், ஆனால் ஒவ்வொன்றும் டஜன் கணக்கில். வாரத்துக்கு மூன்றிலிருந்து ஐந்து தடவை, தனியாக, சின்னச் சின்ன சிட்டிங் என்பதுதான் நிபுணர்கள் சொல்லும் அளவு. வாரம் ஒரு மணி நேரம் பாட்டு கிளாஸ் போய்விட்டு மற்ற நாளெல்லாம் சாதகம் பண்ணாத பிள்ளைக்கு ஸ்ருதி எங்கே சேரும்? ஆனால் ஸ்கூலில் முதலில் நீட்டுவது வாரம் இரண்டு தடவை, அதுவும் குழுவாக என்றுதான் இருக்கும். அங்கே நயமாக, ஆனால் விடாமல் பேச வேண்டும்: தனியாக வேண்டும், அடிக்கடி வேண்டும்.

பிள்ளை பேசத் தொடங்கும் வரை படம் தொட்டால் பேசும் டேப்லெட் ஆப் வைத்துக்கொடுக்கலாமா என்று கேட்பார்கள். சரி என்று சொல்லுங்கள். அது வந்தால் பேச்சு வராது என்று நம் வீடுகளில் ஒரு பயம், உண்மை அப்படி இல்லை. ஐஇபி கூட்டத்தில் இந்தக் கருவி தேவையா என்று பார்ப்பது அவர்கள் கடமை.

தமிழை நிறுத்தாதீர்கள். இரண்டு மொழியால் அப்ராக்ஸியா வருவதும் இல்லை, கூடுவதும் இல்லை. தாத்தா பாட்டியோடு அவனுக்கு இருக்கும் ஒரே பாலத்தை நாமே எதற்கு உடைக்க வேண்டும்? பிள்ளைக்கு வரும் மொழியிலேயே பரிசோதிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தமிழ் தெரிந்த தெரபிஸ்ட் அபூர்வம், ஆகவே மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். அவரிடமும் தெரபிஸ்டிடமும் ஒன்றை முன்கூட்டியே சொல்லுங்கள். நம் வீட்டில் பால் "பாலு", பஸ் "பஸ்ஸு", புக் "புக்கு". கடைசியில் ஒரு உகரம் ஒட்டிக்கொள்ளும். தமிழ் தெரியாதவர் அதைக் கூடுதல் உயிரொலி என்று தப்புக் கணக்கில் சேர்த்துவிடுவார், அப்ராக்ஸியாவில் அப்படிச் சேர்வதும் உண்டு என்பதால். எங்கள் வீட்டில் எல்லோரும் பேசுவதே இப்படித்தான் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்.

பயிற்சிச் சொல்லுக்கும் தமிழ் வசதியாக இருக்கிறது. பாப்பா, தாத்தா, மாமா எல்லாம் ஒரே அசை திரும்புவது. வா, போ, தா ஓரசை, நாள் முழுக்கப் பயன்படும். உங்கள் குரலில் பதிவு செய்து தெரபிஸ்டுக்கு அனுப்பினால் அவரே அதை வைத்துப் பயிற்சி கொடுப்பார். வீட்டில் ஊஞ்சலைப் பிடித்து நிறுத்திவிட்டு "போ" வந்தால் தள்ளுங்கள். இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு "தா". ஐந்து நிமிஷம் போதும், அவன் சலிப்பதற்கு முன் நிறுத்திவிடுங்கள்.

ஊரிலிருந்து வசம்பு பார்சல் வரும், நாக்கில் தேய்க்கச் சொல்லி. வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள். இந்த நாட்டில் 1968-லிருந்து அதை உணவில் சேர்க்கத் தடை. அப்பாவிடம், திருச்செந்தூருக்கு நேர்ந்துகொள்ளுங்கள், தெரபியும் நடக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொருவர் (ஸ்காபரோ)

கனடாவில இருக்கிற ஆக்கள் இதை வாசிச்சுக் குழம்பாதேங்கோ. ஒன்ராறியோவில பள்ளிக்கூடம் போகமுதல் பிள்ளையளுக்கு மாகாணத்தின்ர பேச்சு மொழித் திட்டம் இருக்கு. டொக்டரின்ர கடிதம் இல்லாமல் தாய் தகப்பனே பதியலாம், காசு இல்லை. காத்திருப்புத்தான் பெரிய தொல்லை. அதனால சந்தேகம் வந்த உடனேயே பதிஞ்சு போட்டு, வேலையிடத்துக் காப்புறுதியில வருசத்துக்கு எவ்வளவு தருவினம் எண்டு பாத்து, அந்த இடைவெளிக்குத் தனியாரிட்டப் போங்கோ. கதைக்கத் தொடங்கினாப் பிறகு பதிவம் எண்டு நிக்காதேங்கோ.

கேட்டவர்

ரொம்ப நன்றி அக்கா. இரண்டு சந்தேகம். பையன் எச்4 (என் விசாவைச் சார்ந்த விசா), இதெல்லாம் கேட்டால் விசாவுக்குப் பின்னால் பிரச்சினை வருமா? ஸ்கூலுக்கு மெயிலில் என்ன எழுதுவது?

பதில்

டிஸ்ட்ரிக்டில் விசா கேட்க மாட்டார்கள். அந்த ஊரில் குடியிருக்கிறீர்கள் என்பதற்கு லீஸ், கரண்ட் பில், பிள்ளையின் பிறப்புச் சான்று, தடுப்பூசிப் பட்டியல், இவ்வளவுதான். குடியேற்ற நிலையைக் காட்டிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தை மறுக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 1982-லேயே சொல்லிவிட்டது. ஸ்பெஷல் எஜுகேஷனும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததுதான்.

மெயில் ஸ்பெஷல் சர்வீசஸ் டைரக்டர் பெயருக்குப் போகட்டும். நாலு வரி போதும், இங்கிலீஷில்: பிள்ளை பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி; பேச்சில் குறைபாடு இருக்கிறது, குழந்தை மருத்துவர் அப்ராக்ஸியாவைச் சந்தேகிக்கிறார்; ப்ரீஸ்கூல் ஸ்பெஷல் எஜுகேஷனுக்கு சைல்ட் ஸ்டடி டீம் (டிஸ்ட்ரிக்டின் பரிசோதனைக் குழு) பரிசோதிக்க வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்கிறேன்; வீட்டு மொழி தமிழ், கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். மறுநாள் காலை அச்செடுத்து ஆபீஸில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பையனுக்குப் புரிதல் நன்றாக இருப்பதால் "தகுதி இல்லை" என்று சொல்லிப் பார்ப்பார்கள். ப்ரீஸ்கூல் வயதுக்கு நியூஜெர்சி அளவு, ஒரே துறையில் 33 சதவீதம் பின்தங்கினாலும் போதும், இரண்டு துறை என்றால் தலா 25. பேச்சு மொழி ஒரு துறை. அவர்கள் பரிசோதனையில் உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால், அவர்கள் செலவிலேயே வெளி ஆளை வைத்துப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க உரிமை உண்டு. இப்படி முட்டிக்கொள்ளும் நிலை வந்தால் ஸ்பான் என்ற பெற்றோர் ஆலோசனை அமைப்பைக் கூப்பிடுங்கள். மாநிலம் முழுக்க இதற்காகவே இருக்கிறார்கள், பணம் கேட்க மாட்டார்கள்.

ரிப்போர்ட் எல்லாம் தகுதிக் கூட்டத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் உங்கள் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் மெயில் போட்டுக் கேளுங்கள். முதல் ஐஇபியில் அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்த அவசரமும் இல்லை. வீட்டுக்கு எடுத்து வந்து, வாரம் எத்தனை தடவை, எத்தனை நிமிஷம், தனியாகவா குழுவாகவா என்ற அந்த ஒரு வரியை மட்டும் நன்றாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.