'கைண்ட் ஆஃப் ப்ளூ' முதல் பக்கம் மட்டும் சுருதி ஏறிக் கேட்கிறது: டர்ன்டேபிள் பழுதா?

கேள்வி
ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 1970களில் அச்சான எல்பி இசைத்தட்டு. முதல் பக்கத்து 'ஸோ வாட்' பாட்டுக்குக் கீபோர்டு (ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ்) சேரவே இல்லை. தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே அளவில் ஏறி நிற்கிறது, ஆனால் அரைச் சுரம் அளவுக்கு இல்லை. டிரம்பெட்டில் ட்யூனிங் ஸ்லைடை (சுருதி சேர்க்க நகர்த்தும் குழாய்) உள்ளே தள்ளினால் ஒட்டுகிறது. பெல்ட் மாற்றணுமா?

பதில் 1
பெல்ட் தளர்ந்து நழுவினால் சுருதி இறங்கும், ஏறாது. நடு ஓட்டை விலகியிருந்தால் 1.8 வினாடிக்கு ஒருமுறை அலையும். ஸ்ட்ரோப் தட்டு (கோடுகள் அச்சிட்ட வட்டம்; வேகம் சரியென்றால் விளக்கொளியில் கோடுகள் நின்றதுபோல் தெரியும்) வைத்துப் பாருங்கள்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் 180 கோடுகள். 216 கோடு உள்ளது 60 ஹெர்ட்ஸுக்கு, இங்கே உதவாது. குண்டு பல்பு வெளிச்சம் வேண்டும். பல எல்இடி விளக்குகளில் கோடு நிற்காது. தட்டு சுழலும் திசையிலேயே கோடுகள் நகர்ந்தால் வேகம் அதிகம்.

கேட்டவர்
கோடுகள் அசையவில்லை. இரண்டாம் பக்கத்து 'ஆல் ப்ளூஸ்' கீபோர்டோடு சரியாகச் சேருகிறது.

பதில் 2
அப்படியானால் டர்ன்டேபிளில் கை வைக்காதீர்கள். கோளாறு 1959இலேயே டேப்பில் ஏறிவிட்டது. நியூயார்க் 30ஆம் தெரு கொலம்பியா ஸ்டுடியோவில் மார்ச் 2 அன்று 'ஸோ வாட்', 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்', 'ப்ளூ இன் க்ரீன்' மூன்றும் பதிவாயின. அன்று மாஸ்டர் டேப் இயந்திரம் மெதுவாக ஓடியது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு விரைந்து சுருதியும் ஏறும். இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22 பதிவு, அதில் இந்தச் சிக்கல் இல்லை. கூடவே ஓடிய காப்பு டேப் சரியான வேகத்தில் இருந்தது. 1992 மறுவெளியீட்டில்தான் அதை வைத்துத் திருத்தினார்கள். உங்கள் அச்சு அதற்கு முந்தையது.

ஸ்லைடைத் தள்ளிப் பழகுவதை இன்றே நிறுத்துங்கள். 1 செ.மீ. தள்ளினால் குழாய் 2 செ.மீ. குறையும், 20 சென்ட்டுக்கு (ஒரு சென்ட் அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) மேல் ஏறும். உதடும் காதும் தப்பான இடத்தில் பழகிவிடும்.

அளப்பதற்குப் பியானோவைப் பிடியுங்கள். ஊதுகருவிகள் சுருதியை வளைக்கும். 'ஸோ வாட்' பேஸ் வரிக்கு மறுமொழியாக வரும் இரண்டு கார்டில் (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) இரண்டாவதன் உச்சிச் சுரம் ஏ. அதே ஏ சுரத்தைக் கீபோர்டில் பிடித்து, இரண்டு ஒலியும் மோதி எழும் அதிர்வு அடங்கும்வரை அதன் ஃபைன் ட்யூனை ஏற்றுங்கள். உதாரணமாக 445இல் அடங்கினால் 440/445, அதாவது 1.12% குறைக்க வேண்டும். இரண்டாம் பக்கத்துக்கும் இதேபோல் அளந்து, அங்கே 441 வந்தால் 440க்குப் பதில் அதை வையுங்கள். பாட்டின் நடு எட்டு பார்கள் (தாளச் சுற்றுகள்) ஈ ஃபிளாட்டுக்குப் போகும், அங்கே அளக்காதீர்கள்.

கேட்டவர்
கணினியில் பதிவு செய்து ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் 'பிட்ச்' (சுருதி) மட்டும் இறக்கினால் போதுமா?

பதில் 2
போதாது. டேப் வேகத்தில் தப்பியதால் தாளமும் சேர்ந்தே விரைந்திருக்கிறது. வேகத்தை மாற்றும் கட்டளையில் -1.12 கொடுங்கள், இரண்டும் ஒன்றாக இறங்கும். பிட்ச் மட்டும் மாற்றினால் தாளம் விரைந்தே இருக்கும், சிம்பல் ஒலியும் கரகரக்கும். டர்ன்டேபிளில் பிட்ச் ஸ்லைடர் இருந்தால் இதே அளவு மைனஸில் வைத்து முதல் பக்கத்தைக் கேளுங்கள். தட்டைத் திருப்பும்போது மறக்காமல் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.