திருப்பரங்குன்றத்தில் குடைவரை எங்கே இருக்கிறது?

திருப்பூர் மணி:
போன வெள்ளிக்கிழமை அம்மாவோடு திருப்பரங்குன்றம் போனேன். ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று முருகனைப் பார்த்தாயிற்று. வெளியே வந்து பூக்கார அக்காவிடம், "குகைக்கோயில்னு சொன்னாங்களே, அது எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். கட்டிக்கொண்டிருந்த சரத்தை மடியில் வைத்துவிட்டு ஏற இறங்கப் பார்த்தார். "இம்புட்டு நேரம் அதுக்குள்ளதான தம்பி நின்னுட்டு வர்றீக?"

யோசித்துப் பார்த்தால் பாறை கண்ணில் பட்ட நினைவே இல்லை. தூண், கம்பித் தடுப்பு, முன்னால் நின்றவர் முதுகு, அவ்வளவுதான். அடுத்த மாதம் மறுபடி வருகிறோம். எதைப் பார்க்க வேண்டும், சொல்லுங்கண்ணா. அம்மாவுக்கு முட்டி வலி, மலை ஏற முடியாது.

ஒத்தக்கடை ராசு:
வெட்கப்படாதீங்க தம்பி, மதுரைக்காரர்களிலேயே நிறையப் பேர் அப்படித்தான். நீங்கள் நின்ற சன்னதியே மலையைக் குடைந்தெடுத்த கோயில், அதைத்தான் குடைவரை என்பார்கள். குடைந்தது பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தில், 773-ல். பின்னால் வந்தவர்கள் முன்பக்கம் மண்டபம் மண்டபமாகக் கட்டிச் சேர்த்ததில் பாறை உள்ளே போய்விட்டது.

அடுத்த முறை அபிஷேக நேரத்தில் கவனியுங்கள். பாலும் பன்னீரும் வேலுக்குத்தான், முருகனுக்குக் கிடையாது. அவர் மலைப்பாறையிலேயே செதுக்கிய சிலை, அதனால் புனுகு மட்டும் சாத்துவார்கள். சிவன் கிழக்கே பார்க்க, பவளக்கனிவாய்ப் பெருமாள் அவரைப் பார்த்தபடி மேற்கு முகமாக இருப்பார். ஒரே பாறைக்குள் இருவரும் எதிரும் புதிருமாக!

வெறும் பாறையாகப் பார்க்க வேண்டுமா? மலையின் தென்பக்கம் போங்கள், உமையாண்டார் கோயில். முதலில் சமணக் குடைவரை, 13-ஆம் நூற்றாண்டில் சிவன் கோயிலாக மாறியது. பின்சுவரில் காளையோடு நிற்கும் அர்த்தநாரீசுவரரை அவசரப்படாமல் பாருங்கள். வரிசை, தள்ளுமுள்ளு எதுவும் இருக்காது.

மேலூர் ரோட்டுக்காரி:
ராசு அண்ணே, உங்க ஊரையே விட்டுட்டீங்களே! யானைமலை அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரை 770-ல் எடுத்தது, பரங்குன்றத்துக்கு மூன்று வருசம் மூத்தது. குடைய ஆரம்பித்தவன் பாண்டியனின் மந்திரி மாறன்காரி. முடிவதற்குள் இறந்துபோனான். தம்பி மாறன் எயினன்தான் முன்பக்க மண்டபம் எடுத்து முடித்தான். கல்வெட்டே இருக்கிறது. ஆனால் அங்கேயும் முன்னால் கட்டடம் மறைக்கும். பக்கத்திலேயே லாடன் கோயில் என்று சின்னக் குடைவரை, முருகனும் தெய்வானையும் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். மதிய வெயிலில் மட்டும் போகாதீங்க, பாறை அனலாக இருக்கும்.

திருப்பூர் மணி:
நன்றிங்கண்ணா, நன்றிங்கக்கா. எல்லாவற்றையும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "முட்டி வலிக்குதுன்னு செவுத்துல சாஞ்சேன், சில்லுன்னு இருந்துச்சு. பாறைன்னு அப்பவே தெரியும். என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே கண்ணு" என்கிறார்.