காஸ்ட் அயர்ன் புல்லட்: இன்ஜினை முதன்முறையாக நாமே இறக்கலாமா?

மணலி350:
என்னிடம் 1994-ஆம் ஆண்டின் ராயல் என்ஃபீல்டு புல்லட் ஸ்டாண்டர்டு 350 இருக்கிறது, வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட பழைய காஸ்ட் அயர்ன் வகை. நீலப் புகை விடுகிறது. மேடு ஏறும்போது கீழிருந்து கனமான தட்டல் சத்தம் கேட்கிறது. பட்டறையில் வண்டியை ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிட்டு, ‘ஃபுல் இன்ஜின் வேலை’ என்று சொல்லிவிட்டார்கள். பிளக், பாயிண்ட், செயின், கிளட்ச் கேபிள் இவற்றையெல்லாம் நானே மாற்றிப் பழகியவன், இன்ஜினை இறக்கியதில்லை. இறக்குவதை நானே செய்து, கிராங்க்கையும் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) சிலிண்டரையும் மட்டும் லேத் பட்டறைக்குக் கொடுக்கலாம் என்று எண்ணுகிறேன். அனுபவம் உள்ளவர்கள் சாதகம், பாதகம் இரண்டையும் சொல்ல வேண்டுகிறேன்.

பழையஸ்பேனர்:
தாராளமாக இறக்கலாம், தம்பி. முதன்முறை கற்றுக்கொள்பவருக்கு இதைவிட ஏற்ற இன்ஜின் நம் ஊரில் இல்லை என்பது என் கருத்து. ஒரே சிலிண்டர், 346 சிசி, காற்றால் குளிரும் அமைப்பு. ரேடியேட்டர் இல்லை, சென்சார் இல்லை. 1955-இல் சென்னையில் தொடங்கிய கூட்டுத் தொழில் வழியாக இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து வந்த வடிவமைப்பு, பெரிய மாற்றமில்லாமல் பல பத்தாண்டுகள் திருவொற்றியூரில் உருவாகிக்கொண்டிருந்தது. அதனால் இதைப் பற்றித் தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை, உதிரிப் பாகங்களுக்கும் பஞ்சமில்லை.

பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு ஆயிலை வடித்துவிடுங்கள். பிறகு பெட்ரோல் டேங்க், சைலன்சர் பைப், கார்புரேட்டர், கேபிள்கள், சிலிண்டர் தலைக்கு மேலுள்ள ஸ்டே (இன்ஜினைச் சட்டத்தோடு பிடிக்கும் பட்டை) என்ற வரிசையில் கழற்றுங்கள். ஒவ்வொரு போல்ட்டையும் அது வந்த துளையிலேயே இரண்டு சுற்று திருப்பி வையுங்கள்; முடியாததை உறையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். வயர்களைப் பிரிக்கும் முன் படம் எடுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இந்த வண்டியின் சட்டத்தில் இன்ஜினுக்கு அடியில் தாங்கு குழாய் கிடையாது. முன்னால் இறங்கும் குழாயும் பின்பகுதியும் கீழே இன்ஜின் வழியாகத்தான் இணைகின்றன. ஆகவே கடைசி ஸ்டட்டை (இன்ஜினைச் சட்டத்தில் பிடித்திருக்கும் நீண்ட திருகாணி) உருவும் முன் இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து, சட்டத்தின் முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் தனித்தனியாகத் தாங்கல் வைக்க வேண்டும். இரண்டு பேர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

அளந்துபார்:
பழையஸ்பேனர் ஐயா சொன்ன வரிசையில் எனக்கு மறுப்பில்லை. கேள்வி அதற்கு முந்தையது. இறக்கத்தான் வேண்டும் என்று யார் உறுதி செய்தது? ஒருமுறை முறுக்கிப் பார்த்துச் சொன்ன தீர்ப்பை ஏற்று இன்ஜினை இறக்குவது, காய்ச்சல் என்றதும் வயிற்றைக் கிழிப்பதற்குச் சமம்.

இது டிரை சம்ப் இன்ஜின், அதாவது ஆயில் கிராங்க்குக்கு அடியில் தேங்காமல் தனி அறையில் இருக்கும். வண்டி பல நாள் நின்றால், ஆயில் தன் அறையிலிருந்து பம்ப் வழியாக மெல்லக் கசிந்து கிராங்க் சுழலும் பகுதியில் தேங்கும். அப்படி நின்ற வண்டியை உதைத்துக் கிளப்பினால் தெருவே மறையும் அளவுக்குப் புகை வரும். சற்று ஓடியதும் அடங்கிவிடும். அந்தப் புகைக்கு இன்ஜின் வேலை தேவையில்லை. ஆக்ஸிலேட்டரை விட்டு இறக்கத்தில் வந்து மறுபடி முறுக்கும்போது மட்டும் புகை வந்தால் வால்வு கைடை (வால்வின் தண்டு ஓடும் குழல்) சந்தேகிக்கலாம். எந்நேரமும், அதிலும் முறுக்க முறுக்கக் கூடினால்தான் ரிங் (பிஸ்டன் வளையம்), போர் (சிலிண்டரின் உட்சுவர்) பக்கம் போக வேண்டும்.

தட்டலும் அப்படித்தான். குளிர்ந்த நிலையில் கேட்டு, சூடானதும் குறைவது பெரும்பாலும் பிஸ்டன் ஆட்டம். மேட்டில் மட்டும் கேட்பது, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து வேகத்துக்கேற்பத் தீப்பொறியின் நேரத்தை மாற்றும் ஆட்டோ அட்வான்ஸ் எடைகள் சிக்கிக்கொண்டு தீப்பொறி முன்கூட்டியே விழுவதாலும் இருக்கலாம். கிராங்க்கையும் கிளட்ச்சையும் இணைக்கும் பிரைமரி செயின் தளர்ந்திருந்தாலும் கீழிருந்து சத்தம் வரும். இவை எதற்கும் இன்ஜினை இறக்க வேண்டியதில்லை.

பட்டறைமகன்:
நான் மூன்றாவது பக்கம் நிற்கிறேன். இறக்க வேண்டியிருந்தாலும் முதன்முறை செய்பவர் தனியாக இறங்கக் கூடாது என்பது என் கட்சி. தந்தையின் பட்டறையில் வளர்ந்ததால், பாதியில் கைவிட்டு மூட்டைகளில் கொண்டுவரப்படும் புல்லட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை தேய்மானத்தால் வந்தவை அல்ல, கழற்றும்போது கெட்டவை.

முதல் காரணம் ஸ்பேனர். இந்தப் பழைய வண்டிகளில் மெட்ரிக் அளவும் பழைய பிரிட்டிஷ் அளவும் கலந்து கிடக்கும். வீட்டில் இருக்கும் மெட்ரிக் ஸ்பேனர் ஏறக்குறையப் பொருந்தும். அந்த ‘ஏறக்குறைய’வில்தான் நட்டின் முனைகள் உருண்டுபோகும். இரண்டாவது, புல்லர், அதாவது இறுகிய பாகத்தை இழுத்தெடுக்கும் கருவி. கிளட்ச்சின் நடுப்பகுதியைத் திருப்புளியால் நெம்பி எடுக்க முயன்று பிரைமரி கேஸின் விளிம்பை உடைத்தவர்கள் பலர். மூன்றாவது, வலப்பக்க டைமிங் கவருக்குள் கிராங்க் முனையில் இருக்கும் ஆயில் பம்ப் வார்ம் (பம்பைச் சுழற்றும் திருகுப் பல்). அதன் மரை இடக்கை மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாதவர் வழக்கம்போல் இடப்பக்கம் திருப்புவார், அது வராது, நீளமான பைப்பை மாட்டி இன்னும் அழுத்துவார். முடிவு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

கிராங்க்கேஸ் (கிராங்க் இருக்கும் கூடு) உடைந்தால் அது வெறும் பண இழப்போடு போகாது. அதன் இரு பாதிகளும் சேர்த்துக் கடையப்பட்ட இணை. ஒன்றை மட்டும் வேறு இன்ஜினிலிருந்து எடுத்து மாட்டினால் பேரிங் நேர்கோட்டில் அமையும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இன்ஜின் எண்ணும் அதில்தான் இருக்கிறது. எண் மாறினால் ஆர்.சி. புத்தகத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் படியேற வேண்டும்.

பழையஸ்பேனர்:
பட்டறைமகன் சொன்ன மூன்றில் கடைசிக்கு இங்கே வேலையில்லை. இடக்கை மரை உள்ள வார்மைத் தொடுவது கிராங்க்கேஸைப் பிரிக்கும்போது. இன்ஜினை இறக்குபவர் டைமிங் கவரைத் திறக்கவே வேண்டாம். இறக்குவதும் பிரிப்பதும் இரண்டு தனி வேலைகள். பட்டறைகளில் இரண்டையும் ஒரே மூச்சில் செய்வதால் அவை ஒன்றுபோலத் தோன்றுகின்றன. சரியான ஸ்பேனரும் புல்லரும் வாங்கிய பிறகே தொடங்க வேண்டும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அது வாங்கக்கூடிய பொருள்தானே தவிர, பிறவி ஞானமல்ல.

மணலி350:
அனைவருக்கும் நன்றி. அளந்துபார் சொன்னபடி கவனித்தேன். வண்டி தினமும் ஓடுகிறது, ஆகவே நின்றதால் வந்த புகை அல்ல, முறுக்கினால் கூடுகிறது. அட்வான்ஸ் எடைகள் தாராளமாக அசைகின்றன, பிரைமரி செயினும் சரியாக இருக்கிறது. இன்ஜினை இறக்காமலே டேங்க்கை எடுத்துவிட்டுத் தலையையும் சிலிண்டரையும் கழற்றினேன். சிலிண்டர் சுவரில் நெடுக்குக் கோடுகள் நகத்தில் தட்டுகின்றன. பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து ஆட்டினால் இடமும் வலமுமாக நன்றாக அசைகிறது. அப்படியானால் பிக் எண்ட் (ராடு கிராங்க்கோடு சேரும் கீழ்முனைப் பேரிங்) போய்விட்டது என்றுதானே பொருள்?

லேத்காரர்:
இல்லை. பக்கவாட்டில் அசைவது இருக்க வேண்டிய இடைவெளி. அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. கிராங்க்கை மேலுச்சிக்கு (ராடு மிக மேலே நிற்கும் நிலை) கொண்டுவந்து நிறுத்தி, ராடை இரண்டு கைகளாலும் நேர் மேலாகவும் நேர் கீழாகவும் இழுத்து அழுத்திப் பாருங்கள். ராடு சாயக் கூடாது, கிராங்க்கும் சுழலக் கூடாது. ‘டக்’ என்று கையில் உணரும்படி தட்டினால் பிக் எண்ட் போய்விட்டது. இந்த இன்ஜினில் நீடில் பேரிங்குக்குப் பதிலாக மிதக்கும் புஷ் (தளர்வாகச் சுழலும் உலோக வளையம்) இருக்கிறது. ஆயில் முழுதும் வடிந்த நிலையில் அதில் மிக நுண்ணிய அசைவு தெரியலாம். தட்டுவது வேறு, அசைவது வேறு. பழகிய கை ஒன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

போர் பற்றிக் கவலை வேண்டாம். நகத்தில் தட்டும் கோடு இருந்தால் ஹோனிங் (உட்சுவரை லேசாகத் தேய்த்தல்) மட்டும் போதாது, அடுத்த பெரிய பிஸ்டன் அளவுக்கு (ஓவர்சைஸ்) கடைந்து போர் போட வேண்டும். பிஸ்டனை முதலில் வாங்கி, சிலிண்டரோடு சேர்த்துக் கொடுங்கள். கையில் இருக்கும் பிஸ்டனை அளந்து அதற்கேற்பப் போர் போடுவதுதான் முறை. இப்போது கிராங்க்கேஸின் வாயில் சுத்தமான துணியை அடைத்து வையுங்கள். பிஸ்டன் பின்னின் லாக் உள்ளே விழுந்தால் அதற்காகவே எல்லாவற்றையும் பிரிக்க நேரும்.

மணலி350:
நீங்கள் சொன்னபடி பார்த்தேன். பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணனும் வந்து பார்த்தார். மேலும் கீழும் தெளிவாகத் தட்டுகிறது.

அளந்துபார்:
அப்படியானால் இறக்கத்தான் வேண்டும். என் மறுப்பு இத்துடன் தீர்ந்தது. தலையும் சிலிண்டரும் ஏற்கெனவே கழன்றுவிட்டதால் தூக்க வேண்டிய எடையும் கணிசமாகக் குறைந்திருக்கிறது. அளந்து பார்த்த நேரம் எதுவும் வீணாகவில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

பட்டறைமகன்:
வீணாகவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. கிளட்ச் நட்டு, ரோட்டரை (மின்சாரம் உண்டாக்கும் சுழல்பகுதி) பிடித்திருக்கும் கிராங்க் முனை நட்டு ஆகியவற்றை இன்ஜின் வண்டியில் இருக்கும்போதே தளர்த்த வேண்டும். டாப் கியரில் போட்டு, பின் பிரேக்கை ஒருவர் அழுத்திப் பிடித்தால் கிராங்க் சுழலாமல் நிற்கும். இறக்கித் தரையில் வைத்த பிறகு அதைப் பிடித்து நிறுத்த எதுவுமில்லை. அந்தக் கட்டத்தில்தான் ஆட்கள் சுத்தியலைத் தேடுவார்கள். இப்போது சிலிண்டர் இல்லாததால் ராடு தளர்ந்து தொங்கும். கிராங்க் சற்றே சுழன்றாலும் அது கிராங்க்கேஸ் வாயின் விளிம்பில் அடிக்கும். ஒருவர் ராடை நேராகப் பிடித்துக்கொள்ளட்டும். ஆக, இரண்டு பேர் போதாது, மூன்று பேர் வேண்டும்.

கியர்பாக்ஸைச் சேர்த்து இறக்குவதா, தனியாக்கி இறக்குவதா என்றும் கேட்பீர்கள். அது கிராங்க்கேஸின் பின்புறம் நான்கு ஸ்டட்டுகளில் மாட்டப்பட்ட தனிப்பெட்டி. பட்டறையில் நாங்கள் சேர்த்தே இறக்குவோம். புதியவருக்கு எடை குறைவதே முக்கியம் என்பதால் தனித்தனியாக எடுக்கச் சொல்வேன்.

பழையஸ்பேனர்:
இதில் உடன்பாடில்லை. பெட்டிக்கும் கிராங்க்கேஸுக்கும் இடையிலுள்ள நட்டுகளுக்கு வண்டிக்குள் ஸ்பேனர் திரும்ப இடம் போதாது. குறுகிய இடத்தில்தான் நட்டு உருளும், அது உங்கள் முதல் காரணம்தானே? ஆள் மூன்று பேர் இருக்கையில் சேர்த்தே இறக்கலாம்.

பட்டறைமகன்:
எடையைத் தூக்கும்போது விரல் நசுங்குவதைவிட நட்டு உருள்வது மேல். என் கருத்தில் நிற்கிறேன். இன்னொன்றிலும் நிற்கிறேன்: கிராங்க்கேஸைப் பிரிப்பதும் மூடுவதும் பட்டறையில் நடக்கட்டும். பேரிங்கை ஏற்றக் கேஸைச் சீராகச் சூடாக்க வேண்டும், மூடிய பின் கிராங்க்கின் பக்க ஆட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். இவை படம் எடுத்து வைத்துச் செய்யும் வேலைகள் அல்ல.

லேத்காரர்:
கிராங்க் எப்படியும் எங்களிடம்தான் வர வேண்டும். ராடைத் தாங்கும் கிராங்க் பின்னை அழுத்தி எடுப்பதற்குப் பிரஸ் தேவை. புதிய பின், புஷ், ராடு போட்ட பிறகு கிராங்க்கை இரு முனைகளிலும் தாங்கி, டயல் கேஜ் (நுண்ணிய அளவுமானி) வைத்து, ஓட்டம் நேராகும் வரை தட்டித் திருத்த வேண்டும். யார் பிரித்தாலும் சரி; பழைய பாகங்கள் எதையும் எறியாமல், கழுவாமல் கொண்டுவாருங்கள். ஆயிலில் என்ன தூள் இருக்கிறது என்பதைப் பார்த்தால் பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

மணலி350:
முடிவு இதுதான்: கியர்பாக்ஸோடு சேர்த்து நாங்கள் மூன்று பேர் இறக்குகிறோம். பிரிப்பதும் மூடுவதும் மெக்கானிக் அண்ணனின் பட்டறையில், நான் உடனிருக்க நடக்கும். வண்டியில் ஏற்றி முடிப்பது மறுபடி நான்.

பழையஸ்பேனர்:
கேஸையும் நீங்களே மூடியிருக்கலாம் என்றே இன்னும் சொல்வேன். ஆனால் வண்டி உங்களுடையது. ஏற்றிய பிறகு உடனே உதைத்துக் கிளப்பிவிடாதீர்கள். ஆயில் ஃபில்டர் அறையை நிரப்பி, பிளக்கைக் கழற்றிவிட்டு, தலைக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, அங்கே ஆயில் எட்டிப் பார்க்கும் வரை கிக்கரை அழுத்திக்கொண்டே இருங்கள். அதன் பிறகுதான் பிளக்கை மாட்ட வேண்டும்.