புதுப்பிப்பு: லாஞ்சர் தகராறு பாதி தீர்ந்தது

போன வாரம் புலம்பியது நினைவிருக்கும்: காசு கொடுத்து வாங்கிய கேம், தனியாளாக ஆடுவது, ஆனாலும் இணையம் போனதும் லாஞ்சர், அதாவது கேமைத் திறந்துவிடும் செயலி, திறக்க மறுத்தது.

சரி, இப்போதைய நிலவரம். இணையம் இல்லாமல் ஆடவிடும் ஆஃப்லைன் முறையை இணையம் இருக்கும்போதே போட்டு வைக்க வேண்டுமாம். போட்டுவிட்டு மோடத்தைக் கழற்றிப் பார்த்தேன், ஓடுகிறது. ஆனால் சில நாட்களுக்கு ஒருமுறை இணையத்தில் தலைகாட்டியே ஆக வேண்டும் என்கிறார்கள். என் வீட்டுக்குள் நுழைய நானே அனுமதி கேட்கிற கதை.

“இணையம் இல்லாமல் இதெல்லாம் முடியாது” என்று என் புலம்பலுக்கு ஒருவர் பதில் போட்டிருந்தார். 2013 மார்ச்சில் சிம்சிட்டி என்ற நகரம் கட்டும் கேம் வந்தபோதும் இதே பேச்சுதான். வெளியான நாட்களிலேயே சர்வர்கள், அதாவது கேம் இணையத்தில் தொடர்புகொள்ளும் நிறுவனக் கணினிகள், படுத்துவிட்டன. ஓராண்டு கழித்து ஆஃப்லைன் வசதியை கேமை வெளியிட்டவர்களே கொடுத்தார்கள்! தி க்ரூ ஆடியவர்களுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 2014இல் வந்த கார் பந்தயம் அது; தனியாக ஓட்டவும் சர்வர் வேண்டும். 2024 மார்ச் 31 அன்று அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் நிறுவனம் சர்வரை நிறுத்தியது. டிஸ்க் கையில் இருந்தும் பயனில்லை.

அடுத்த கேமை, லாஞ்சர் இல்லாமலே நிறுவி ஆடக்கூடிய கேம்களை விற்கும் ஜிஓஜி தளத்தில் வாங்கி, இன்ஸ்டாலரை (நிறுவும் கோப்பை) பழைய ஹார்டு டிஸ்கில் போட்டு வைத்தாயிற்று. பணத்தைத் திருப்பிக் கேட்டு அனுப்பிய மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் இல்லை. வந்தால் இங்கேயே சொல்கிறேன்.