துறவி நண்டுத் தொட்டி: கூண்டோடு வாங்கிவிட்டவர்களுக்கு

அமெரிக்கக் கடற்கரைக் கடைகளில் பெயின்ட் அடித்த சங்குக்குள் விற்கிற துறவி நண்டு (ஹெர்மிட் கிராப்) பெரும்பாலும் கரீபியன் இனம், கோயனோபிட்டா கிளிப்பியாட்டஸ். கூடவே கொடுக்கும் கம்பிக் கூண்டு, ஒரு கைப்பிடி கூழாங்கல், ஸ்பாஞ்சு இவற்றை வைத்து அதை வளர்க்க முடியாது. தரையில் திரிந்தாலும் அது மூச்சு விடுவது செவுளால். செவுள் காய்ந்தால் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுக்க முடியாது. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் கம்பிக் கூண்டு என்றால் மெதுவாக மூச்சுத் திணறிச் சாகும். "சாதுவான நண்டு, ஒரே இடத்தில் இருக்கிறது" என்று சொல்பவர்கள் முதலில் ஈரப்பதத்தைப் பார்க்க வேண்டும்.

மூன்று நான்கு சிறிய நண்டுகளுக்கு 29 கேலன் கண்ணாடித் தொட்டி (30 x 12 x 18 அங்குலம்) சரி. 10 கேலனில் ஆரம்பித்தால் சீக்கிரமே மாற்ற வேண்டிவரும். மணல் 8 அங்குல ஆழம். 6 அங்குலத்துக்குக் குறையவே கூடாது. அளவில் 5 பங்கு ப்ளே சாண்ட் (குழந்தைகள் விளையாடும் மணல்), 1 பங்கு தென்னை நார்த்தூள். இந்தத் தொட்டிக்கு 50 பவுண்டு மணல் மூட்டை மூன்றும், 650 கிராம் நார்த்தூள் கட்டி ஒன்றும் போதும். கட்டியின் உறையைத் திருப்பிப் பார்த்தால் இந்தியா அல்லது இலங்கை என்றுதான் பெரும்பாலும் இருக்கும், நம் ஊர்ச் சரக்கு. உரம் கலந்தது மட்டும் வேண்டாம். குளோரின் நீக்கிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. காய்ந்த மணலில் நண்டு தோண்டும் குழி அதன் மேலேயே சரியும்.

தொட்டியைத் தாங்கும் மேசையை முதலில் பாருங்கள். மணல் மட்டுமே 70 கிலோவுக்கு அருகில் வரும்.

*

மேலே சொன்னதோடு, தொட்டியைச் சூடாக வைக்க ஒட்டும் ஹீட் மேட் பற்றியும் சொல்லியாக வேண்டும். அட்டையில் "தொட்டிக்கு அடியில் ஒட்டவும்" என்று இருக்கும். ஒட்டாதீங்க. 8 அங்குல மணலைத் தாண்டிச் சூடு மேலே வராது, அடியில் புதைந்திருக்கும் நண்டுதான் வேகும். பின்பக்கக் கண்ணாடியில், மணல் மட்டத்துக்கு மேலே, வெளிப்புறமா ஒட்டி, சூட்டைக் கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட் போடுங்க. 75 முதல் 85 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 24 முதல் 29 செல்சியஸ். ஈரப்பதம் 75 முதல் 85 சதவீதம். வலை மூடியா இருந்தா அதன் மேல கண்ணாடியோ பிளாஸ்டிக் தாளோ வைத்து மூடிடுங்க.

ஈரப்பதமானியை அப்படியே நம்பாதீங்க. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு, அது கரையாமல் சேறாகும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர். அதையும் மானியையும் ஒரே ஜிப் பையில் போட்டு எட்டு மணி நேரம் மூடி வையுங்க. 75 காட்டணும். 69 காட்டினா, அந்த மானி எப்போதும் 6 குறைச்சுக் காட்டுதுன்னு குறிச்சு வச்சுக்கோங்க.

சமையல் உப்புக்கு வேலை அதோட சரி. கண்ணாடித் தொட்டிக்குள்ளேயே சின்னத் தண்ணீர்த் தொட்டி இரண்டு வேணும்: ஒன்று நல்ல தண்ணீர், இன்னொன்று கடல் மீன் தொட்டிக்கென்றே விற்கிற மரைன் சால்ட் கலந்தது, ஒரு கேலனுக்கு அரை கப். சாதா உப்பில் கால்சியம், மக்னீசியம் எல்லாம் கிடையாது. இரண்டுக்கும் குளோரின் நீக்கும் திரவம் விடணும். வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் போகும், குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) போகாது. பல அமெரிக்க நகரங்களில் குளோரமின்தான் போடுறாங்க. நண்டு முழுசா முங்குற ஆழம், ஏறி வர பிளாஸ்டிக் வலை, அவ்வளவுதான். காற்றுக்குமிழி பம்ப் ஒன்று விட்டா ஈரப்பதமும் தானா நிற்கும்.

*

சங்கு: நண்டு ஒன்றுக்குக் குறைந்தது மூன்று, எல்லாமே பெயின்ட் இல்லாதவை. கரீபியன் நண்டுக்கு வாய் வட்டமான டர்போ சங்கு. வாயின் அகலம் அதன் பெரிய இடது கொடுக்கைவிடச் சற்றே கூடுதலாக இருக்கட்டும், அந்தக் கொடுக்குதான் அதற்குக் கதவு. கொதிக்க வைத்து, உள்ளே இருக்கும் சூடு முழுக்க ஆறிய பிறகு போடுங்கள். சங்கு போதாவிட்டால் சண்டை வரும், ஒன்றை ஒன்று இழுத்து வெளியே போடும்.

*

மேலே ஈரப்பதத்தைச் சொன்னவர்கள் அடியில் நீர் தேங்குவதைச் சொல்லவில்லை. கண்ணாடியில் வழியும் நீர், தினமும் அடிக்கும் ஸ்ப்ரே எல்லாம் அடியில்தான் போய்ச் சேரும். மேல் மணல் அழகாக இருக்கும், அடியில் சகதி. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மணல் முழுவதையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. மணல் போடும்போதே மூலையில் ஒரு அங்குல பிவிசி குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, கீழ் வாயையும் மேல் வாயையும் வலையால் மூடுங்கள். டார்ச் அடித்தால் தேங்கிய நீர் தெரியும், மெல்லிய டியூப் விட்டு உறிஞ்சிவிடலாம்.

இவ்வளவு ஆழம் எதற்கு என்றால், தோலுரிக்க. கண் மங்கி, உடல் சாம்பல் பூத்து, தண்ணீர்த் தொட்டியிலேயே கிடந்தால் அது புதையப் போகிறது. சிறியதற்கு மூன்று நான்கு வாரம், கோல்ஃப் பந்து அளவுக்கு இரண்டு மாதம், அதைவிடப் பெரியதற்கு இன்னும் அதிகம். "செத்துவிட்டதோ" என்று தோண்டுவதால் சாகிற நண்டு ஏராளம். செத்திருந்தால் மீன் அழுகிய நாற்றம் தானாக வரும். உரித்த பழைய தோலை எடுக்காதீர்கள், கால்சியத்துக்காக அதையே தின்னும். தொட்டியில் கணவாய் ஓடும் முட்டை ஓட்டுத் தூளும் எப்போதும் இருக்கட்டும்.

அடியில் சகதியாக இருந்தாலோ மணலில் ஆழமில்லை என்றாலோ மணலுக்கு மேலேயே உரிக்கும். தொடாதீர்கள். இரண்டு லிட்டர் பாட்டிலின் இரு முனையையும் வெட்டி, அதன் மேல் கவிழ்த்து மணலில் அழுத்தி, மேல்வாயை வலையால் கட்டுங்கள். மற்ற நண்டுகள் அதைத் தின்னாமல் இருக்கத்தான் இது. உள்ளே கொஞ்சம் தண்ணீரும் உணவும் வைத்து, மேலே இருட்டாகத் துணி போடுங்கள். தோல் இறுகி, நடமாடத் தொடங்கிய பிறகு எடுக்கலாம்.